ஆமென் சொன்ன ஊர்

சேசு மரி சூசை துணை

சூசையபுரம்,
11.8.2002

குட்டான்,

அக்கா எழுதுறேன். நீயும் ஸ்டெல்லாவும் மகன் ரூபனும் சுகமா? இங்கன நாங்க மூணு பேரும் உசுரோட இருக்கோம், அதுக்கு மேல கேக்காத. உன் மச்சானுக்குத் திராட்சைக்கு மருந்தடிச்சுட்டு வந்தா நெஞ்சுக்குள்ள கரகரன்னு சத்தம் வருது. மத்தபடி தோட்டத்துக்குப் போயிட்டுத்தான் இருக்காக.

பெரியவ லூர்து இல்லாம முதல் திருவிழா முடிஞ்சிருச்சு. சப்பரம் நம்ம வீட்டு முன்னால வந்து நின்னப்ப நான் கதவைச் சாத்திக்கிட்டேன். ஊர்ல அதை ஒரு குத்தமா இன்னும் பேசுறாக. பேசட்டும்.

ராக்கையா வேற ஜீப்பு வாங்கிட்டான். பழசு குமுளி மலையில உருண்டதுல நம்ம பிள்ளையும் இன்னும் ரெண்டு பொம்பளைகளும் போய்ச் சேந்தாக, அவனுக்குக் காலு மட்டும் முறிஞ்சது. காலு கூடிருச்சு, ஏலக்காட்டுக்கு மறுபடி ஆளு ஏத்துறான். விடியுமுன்ன மாதா சொரூபம் இருக்குற கெபிகிட்ட நின்னு ஆரன் அடிக்கிறான். அந்தச் சத்தத்துக்கு லூர்து எந்திரிப்பா. இப்ப நான் எந்திரிக்கிறேன்.

எழுதுற காரியம் இதுதான். பெரிய ஊர் குருசாமி அய்யா ஆள் அனுப்பியிருந்தாக. கிராமக் கல்விக் குழுன்னு ஒண்ணு போடுறாகளாம். அதுல பெத்தவுக தரப்புக்கு ஒரு பொம்பளை வேணுமாம், என் பேரைப் போட்டாச்சாம். ஏன் என்னையன்னு கேட்டேன். "உனக்குத்தான இப்ப வீட்டுல வேலை குறைச்சல்"னு சொல்லிட்டுப் போறான் வந்தவன். அவன் மனசறிஞ்சு சொல்லல, ஆனா சொல்லிட்டான்.

சின்னவ ஜெசி இப்ப அஞ்சாவது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் அஞ்சோட சரி. ஆறாவதுன்னா கூடலூர். அதுக்கு பஸ் ஏற பெரிய ஊர் ரோட்டுக்குப் போகணும். அவுக பிள்ளைகளுக்கு வாசல்லயே பஸ்ஸு. நம்ம பிள்ளைக திராட்சைப் பந்தலுக்கு ஊடால வாய்க்கால் கரையில நடக்கணும். பந்தலுக்குள்ள எவன் இருக்கான், எவன் இல்லைன்னு யாருக்குத் தெரியும்? அந்த வழியில பொம்பளப் பிள்ளைய நம்ம ஊர்ல யாரும் விடுறதில்லை. ஜீப்புன்னா ஊருக்குள்ளயே வரும், கூட நம்ம பொம்பளைக இருப்பாக, பயமில்லைன்னுதான் லூர்தை ஏலக்காட்டு வேலைக்கு ஏத்துனோம். வர்ற ஜூன்ல ஜெசிக்கும் அதே கதைதான். உன் மச்சான் இப்பவே ராக்கையாகிட்ட சொல்லி வச்சிருக்காக.

அந்தக் குழுவுல நான் கேட்டா நம்ம ஊர்லயே எட்டாவது வரைக்கும் ஆக்கித் தருவாகளா? உன் ஆபீசுல இந்த வேலைதான நடக்குதுன்னு சொன்ன. வெவரமா எழுது.

மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உன் அக்கா
வியாகுலமேரி


சென்னை,
2.9.2002

அன்பான அக்காவுக்கு,

தம்பி அந்தோணிமுத்து எழுதுவது. இங்கே நலம், ஸ்டெல்லாவுக்கு மட்டும் லேசான காய்ச்சல். மச்சான் மருந்தடிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொல். காற்று அடிக்கும் திசையில் நிற்க வேண்டாம் என்று சொல்.

நீ குழுவில் உறுப்பினர் ஆனதை ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை. அக்கா, இது பழைய காலம் இல்லை. இத்தனை வருஷம் எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், எந்த ஊருக்கு வாத்தியார் என்பதெல்லாம் மேலே உட்கார்ந்தவர்கள் போட்ட கணக்கு. இப்போது வந்திருக்கும் திட்டத்தில் கீழேயிருந்து கேட்டுத்தான் செய்ய வேண்டும். பஞ்சாயத்துக்கு ஒரு பள்ளி எட்டாவது வரை உயரும். அது எந்த ஊரில் என்பதைப் பெற்றோர், ஆசிரியர், பஞ்சாயத்து, மகளிர் குழு எல்லோரும் சேர்ந்து சொல்லலாம். இவர்களையெல்லாம் பங்குதாரர்கள் என்கிறோம். நீயும் ஒரு பங்குதாரர்.

கூட்டத்தில் பயப்படாமல் பேசு. நீ பேசுவது எழுதப்பட்டு இங்கே வரும். நானே படிப்பேன்.

ஜெசிக்கு மாமாவின் முத்தம்.

உன் அன்புத் தம்பி
அந்தோணிமுத்து


சூசையபுரம்,
13.10.2002

குட்டான்,

கடுதாசி வந்துச்சு. உங்க சுகத்துக்கு ஜெபமாலை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். மூக்குல துணி கட்டச் சொன்னதுக்கு உன் மச்சான், "துணி கட்டுனா பீடி எப்படிக் குடிக்கிறது"ன்னு கேக்காக. நீயே பதில் எழுதிக்க.

பங்குதாரர்னு எழுதியிருந்த. பங்குன்னா எனக்குத் தெரிஞ்சது நம்ம கோயிலைச் சேந்த சாமியார் பங்கு ஒண்ணுதான். அதுலயும் நாம அவுக சொல்லுறதுக்கு ஆமென் சொல்லுற ஆளுக. இருந்தாலும் நீ சொன்னியேன்னு முதல் கூட்டத்துக்குப் போனேன்.

பெரிய ஊர் சமுதாயக் கூடத்துல வச்சாக. எனக்கு நாற்காலி போட்டாக. குருசாமி அய்யாதான் தலைவரு. ஹெட்மாஸ்டர் எழுதுறாரு. ரொம்ப நேரம் கக்கூஸ், சுவரு, மணின்னு பேசுனாக. கடைசியில "பெத்தவுக தரப்புல ஏதும் உண்டா"ன்னு என்னையப் பாத்தாக. லூர்தை நெனச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"எங்க ஊர்லயே ஆறு, ஏழு, எட்டு வேணும்"னேன்.

குருசாமி அய்யா சிரிச்சாக. "ஏத்தா, உங்க ஊர்ல பிள்ளைக எங்கன இருக்கு? எல்லாம் ஜீப்புல இருக்கு."

எல்லாரும் சிரிச்சாக. எனக்கு எங்கிட்டிருந்து வந்துச்சோ, "பள்ளிக்கூடம் இருந்தா அதுக ஏன்யா ஜீப்புல இருக்கு"ன்னுட்டேன். ஹெட்மாஸ்டர் எழுதுறத நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு. அப்புறம் எழுதுனாரா எழுதலையான்னு எனக்குத் தெரியல. அய்யா மட்டும், "ஒண்டிப் பொம்பளை சொன்னா ஆச்சா, ஊர் ஊரா வந்து கருத்துக் கேப்பாக, அப்பப் பாப்போம்"னாக.

வீட்டுல வந்து சொன்னேன். உன் மச்சான் கேட்டுக்கிட்டாக. சோத்தைத் தின்னுட்டு, "கேட்டுத்தான் பாரேன்"னாக. அந்தப் பிள்ளை போனதுக்கப்புறம் அவுக வாயில வந்த நல்ல வார்த்தை அதுதான்.

ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சான்னு எழுது. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.

அக்கா
வியாகுலமேரி


சென்னை,
20.11.2002

அன்பான அக்காவுக்கு,

நலம். ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் போய்விட்டது. சளி மட்டும் இருக்கிறது.

நீ குருசாமிக்குச் சொன்ன பதிலை இங்கே ஒரு கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இப்படிப் பேசும் தாய்மார்கள் இருந்தால் இந்தத் திட்டம் ஜெயிக்கும் என்று எங்கள் மேலதிகாரி சொன்னார்.

பொங்கல் ஒட்டி நம் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறோம். தேனியிலிருந்து சுந்தரலிங்கம் என்பவர் வருவார். நல்ல மாதிரி. லூர்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னை மரியாதையாக நடத்துவார். ஊரில் எல்லோரையும் கூட்டத்துக்கு வரச் சொல். ஆள் குறைந்தால் நன்றாக இருக்காது.

மற்றவை பிறகு. மச்சானுக்கு என் வணக்கம்.

தம்பி
அந்தோணிமுத்து


சூசையபுரம்,
19.1.2003

என் தங்கக் குட்டான்,

நீங்கள்லாம் சுகமா? நாங்க நல்லா இருக்கோம். இந்த வார்த்தையை எழுதி எம்புட்டு நாளாச்சு.

கூட்டம் நடந்துச்சு தம்பி. நம்ம பள்ளிக்கூடத்து முத்தத்துலயே வச்சாக. வெள்ளை ஜீப்புல சுந்தரலிங்கம் சார், குருசாமி அய்யா, ஹெட்மாஸ்டர், போட்டோ பிடிக்கிறவர் ஒருத்தர் வந்தாக. நீ சொன்னபடி வீடு வீடாப் போயிச் சொன்னேன். அன்னைக்கு ராக்கையா ஜீப்பு காலியா நின்னுச்சு. "என்ன சேச்சி, என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீகளே"ன்னான். "இனிமே எங்க பிள்ளைகளுக்கு ஆரன் அடிக்காத, ஜெசி வரமாட்டா"ன்னு சொல்லிட்டேன்.

சார் வந்து எறங்குனதும், "வியாகுலமேரி அம்மா யாரு"ன்னு கேட்டாக. என்னையப் பாத்துக் கை எடுத்துக் கும்பிட்டாக குட்டான். அம்புட்டுப் படிச்ச மனுசன். "உங்க தம்பி எல்லாம் சொல்லியிருக்காரும்மா. முதல்ல உங்க மகளுக்கு அஞ்சலி செலுத்துவோம். எல்லாரும் எழுந்து நில்லுங்க"ன்னாக.

ஊரே எந்திரிச்சுச்சு. ஆம்பளைக துண்டை எடுத்துக் கக்கத்துல வச்சாக. நாங்க முக்காடு போட்டுக்கிட்டோம். ஒரு சத்தமில்ல. அப்படியே நிக்கையில சார் ஒரு தாளை எடுத்து வாசிச்சாக. கோயில்ல நிருபம் வாசிக்கிற மாதிரியே செந்தமிழு. எனக்குப் பாதி புரியல. "செல்வி லூர்துமேரியின் மறைவு"ன்னு வந்துச்சு. "இனியொரு துயரம்"னு வந்துச்சு. "மனமுவந்து"ன்னு வந்துச்சு. என் பிள்ளை பேரைத் தேனியிலருந்து வந்த ஒருத்தர் தாளை வச்சு வாசிக்காருன்னு நெனச்சதும் எனக்குக் கண்ணு மறைச்சிருச்சு. ஊடால ஜெசி என் முந்தானையை இழுத்து என்னமோ சொல்ல வந்தா. வாசிக்கையில பேசக்கூடாதுன்னு தொடையில கிள்ளி வச்சேன்.

வாசிச்சு முடிச்சு நிறுத்துனாக. நான்தான் முதல்ல ஆமென் சொன்னேன். பின்னாடியே ஊர் மொத்தமும் ஆமென். அந்தச் சத்தத்துக்குப் புறாவெல்லாம் கோயில் முகட்டுலருந்து பறந்துச்சு. போட்டோக்காரர் அப்பப் பிடிச்சாரு.

அப்புறம் உக்கார வச்சு டீயும் காராச்சேவும் குடுத்தாக. கருத்துச் சொல்லுங்கன்னாக. நம்ம சந்தியாகு பெரியப்பா எந்திரிச்சு, "கிணத்துக்கு மோட்டாரு வேணும்"னாரு. "அது எங்க இலாகா இல்லையே பெரியவரே"ன்னு சார் சொல்ல, "அப்ப எந்த இலாகான்னு அவுகளைக் கூட்டிக்கிட்டு வாங்க, டீ நாங்க போடுறோம்"னாரு. ஒரே சிரிப்பு. நான் எந்திரிச்சு எங்க ஊர்லயே எட்டு வரைக்கும் வேணும்னு திரும்பவும் சொன்னேன். சார் தலையை ஆட்டிக்கிட்டே, "வாசிச்சதுலயே எல்லாம் வந்துருச்சும்மா"ன்னாக.

உன் மச்சான்கிட்ட ஜூன் வரைக்கும் பொறுங்கன்னு சொன்னேன். சரின்னுட்டாக. லூர்து கும்பிட்ட மாதா படத்துக்கு மாலை போட்டேன். நேத்து ராத்திரி சோறு ருசியா இருந்துச்சு. உனக்குத்தான் எழுதணும்னு தோணுச்சு.

நீ நல்லாயிரு.

அக்கா
வியாகுலமேரி


சென்னை,
24.2.2003

அன்பான அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வேலை அதிகம். உடனே பதில் எழுத முடியவில்லை.

மச்சானின் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? தேனியில் நல்ல டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். வெயில் ஆரம்பித்துவிட்டது, நீ உச்சி வேளையில் வெளியே போகாதே.

ஜெசியை மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் ஹாஸ்டலில் சேர்த்தால் என்ன என்று யோசித்தேன். நல்ல சாப்பாடு, நல்ல படிப்பு. எனக்குத் தெரிந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு எழுதிக் கேட்கிறேன்.

ஸ்டெல்லா விசாரித்தாள்.

அந்தோணிமுத்து


சூசையபுரம்,
9.3.2003

குட்டான்,

சுகம்தானே? உன் எழுத்து கோணல் மாணலா இருந்துச்சு, உடம்புக்கு ஏதுமோன்னு பயந்துட்டேன்.

லூர்துக்கு வருசப் பூசை வச்சோம். தாய்மாமன் எங்கேன்னு சாமியாரே கேட்டாரு. ஆபீசு வேலைன்னேன். அன்னைக்கு நீ ஒரு வரி எழுதியிருந்தாக்கூட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். உன் கடுதாசியில அவ பேரே இல்ல.

கூட்டத்தைப் பத்தி அம்புட்டு எழுதுனேனே, நீ ஒத்த வார்த்தை எழுதல. இங்கனயே பள்ளிக்கூடம் வரப்போகுது, ஜெசியை எதுக்கு மதுரைக்கு அனுப்பணும்? இருக்குற ஒண்ணையும் தூரத்துல விட்டுட்டு நான் யார் மொகத்துல முழிக்க? அப்படியே அனுப்பித்தான் ஆகணும்னா உன் வீட்டுல விட மாட்டேனா, ஹாஸ்டல்ல எதுக்கு விடணும்?

பெரிய ஊர்ல குருசாமி அய்யா புளியந்தோப்புக்குப் பக்கத்துல நூல் பிடிச்சு அளக்காகன்னு சொல்லுறாக. அது என்னத்துக்குன்னு தெரியல. உனக்குத் தெரிஞ்சா எழுது.

ஸ்டெல்லாவைக் கேட்டதாச் சொல்லு. மாதா துணை.

அக்கா


சூசையபுரம்,
27.4.2003

தம்பி,

நீ பதில் எழுதல. சுகமாத்தான் இருப்ப. இங்கன உன் மச்சானுக்குச் சளியில ரத்தம் வந்துச்சு, இப்ப நின்னிருக்கு. ஜெசிக்குப் பரீட்சை முடிஞ்சுது. நல்லா எழுதியிருக்கா.

வெள்ளிக்கிழமை பெரிய ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் கல் வச்சாக. குழுவுல இருக்கேன்ல, எனக்கும் சொல்லி விட்டாக. நம்ம ஊருக்குக் கல் எப்பன்னு கேக்கத்தான் போனேன். நல்ல சேலை கட்டிக்கிட்டுப் போனேன்.

"எங்க ஊருக்கு எப்பய்யா"ன்னு கேட்டேன், எல்லார் முன்னாலயும்.

"ஏத்தா, ஊருக்கு ஒண்ணு தருவாகளா? பஞ்சாயத்துக்கே ஒண்ணுதான். அதை எங்க ஊருக்குக் குடுங்கன்னு உங்க ஊரே எந்திரிச்சு நின்னு ஆமென் சொல்லுச்சே, மறந்து போச்சா"ன்னான் குருசாமி.

நான் அது எங்க பிள்ளைக்குச் சொன்னதுன்னேன். அவன் பக்கத்துல இருந்தவன்கிட்டத் திரும்பி, "எங்க ஊர்லயாச்சும் நாலு பேரு எந்திரிச்சு அந்த இடம் வேணாம் இந்த இடம் வேணாம்னு சண்டை போட்டான். வேதக்கார ஊரு ஊருதான்யா. ஒரே குரலு"ன்னான். பொங்கல் குடுத்தாக. இலையில வாங்கி அங்கனயே வச்சுட்டு வந்துட்டேன்.

வந்து ஜெசியைக் கேட்டேன், அன்னைக்கு அவரு என்னடி வாசிச்சாருன்னு. முழுசா ஞாபகமில்லம்மா, அர்த்தம் இதுதான்னு சொன்னா. லூர்து மாதிரி யாரும் இனிமே சாகக்கூடாது, அதனால இடமும் பிள்ளைகளும் அதிகமா இருக்குற பெரிய ஊர்லயே பள்ளிக்கூடம் வரட்டும், சூசையபுரத்து ஜனங்க நாங்க எல்லாரும் ஒரே மனசா ஒத்துக்கிடுறோம். "அப்பவே சொல்ல வந்தேன்மா, அது ஜெபமில்லைன்னு. நீதான் கிள்ளுன"ன்னா.

அஞ்சாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிஞ்சது தம்பி. எங்க யாருக்கும் புரியல. ஒரு ஆளு முன்னால நின்னு தாளை வச்சு வாசிச்சு நிறுத்துனா ஆமென் சொல்லித்தான எங்களுக்குப் பழக்கம். உனக்கு அது தெரியாதா? நீயும் என் இடுப்புல உக்காந்துக்கிட்டு அந்தக் கோயில்ல ஆமென் சொன்னவன்தான?

பெரிய ஊர்ல வச்சா ஜெசி அதே பந்தலுக்குள்ளதான் நடக்கணும். எங்களுக்கு என்ன மாறுச்சு? லூர்து பேரைச் சொல்லியா அதைக் கேக்கணும்?

அந்தத் தாளை எழுதுனது யாரு? அந்த சாருக்கு என் பிள்ளையோட முழுப்பேரு யாரு குடுத்தது? ஜூனுக்கு முன்னால எழுது.

வியாகுலமேரி


சென்னை,
14.5.2003

அன்பான அக்காவுக்கு,

மச்சானுக்கு ரத்தம் வந்ததை அறிந்து வருந்துகிறேன். தயவுசெய்து காலம் தாழ்த்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ.

நீ கேட்டதற்கு மறைக்காமல் எழுதுகிறேன். அந்த வாசகம் இங்கே ஆபீசில் எழுதியது. எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான், ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்வார்கள். நம் ஊர்த் தாளில் லூர்துவின் பெயரைச் சேர்த்தது நான். அவள் பெயர் ஓர் அரசாங்கத் தாளிலாவது ஏறட்டும் என்று நினைத்தேன். எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போதே வாசிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆமென் என்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்றும் யோசிக்கவில்லை.

இடம் முன்பே முடிவாகிவிட்டது. உனக்கு முதல் கடிதம் எழுதியபோது எனக்குத் தெரியாது. நவம்பரில் தெரியும். ஆனால் ஊர்க்கூட்டம் நடந்து மக்கள் சம்மதம் இருந்தால்தான் திட்டம் மேலே போகும். ஒரு ஊர் மறுத்தால் பஞ்சாயத்துக்கே இல்லாமல் போகும். ஒன்றுமே இல்லாததற்குப் பெரிய ஊரிலாவது வரட்டுமே என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நம் ஊர்ப் புகைப்படம் எங்கள் வருட அறிக்கையின் அட்டையில் வந்திருக்கிறது. எல்லோரும் நிற்கிறார்கள். முன்வரிசையில் நீ முக்காட்டுடன் தலை குனிந்து நிற்கிறாய். டெல்லியிலிருந்து வந்தவர்கள் மிகவும் பாராட்டினார்கள். என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

ஒரு வழி இருக்கிறது. ஊர் மக்கள் எல்லோரும் சேர்ந்து, புரியாமல் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் மேலே வைக்கிறேன். என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

சிஸ்டரிடமிருந்து பதில் வந்தது, ஆறாவதில் இடம் முடிந்துவிட்டதாம். நான் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. இங்கே வைத்துக்கொள்ளலாம் என்றால் வீடு சிறியது, ரூபனுக்கும் இது பரீட்சை வருஷம். ஸ்டெல்லா ஒன்றும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

மன்னித்துக்கொள்.

அந்தோணிமுத்து


சூசையபுரம்,
1.6.2003

தம்பி,

உன் கடுதாசி வந்துச்சு. உன் மச்சானைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்தடிக்கிற வேலைக்கு இனிப் போகக்கூடாதுன்னுட்டாக. வீட்டுல உக்காந்திருக்காக. நீங்கள்லாம் சுகமா இருங்க.

மனு எழுதுனேன். ஜெசி சொல்லச் சொல்ல நானே எழுதுனேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல வச்சு எல்லாரையும் நிறுத்திச் சொன்னேன், நாம ஏமாந்துட்டோம், அதைத் திரும்ப வாங்கணும்னு.

சந்தியாகு பெரியப்பா தாளைக் கையில வாங்கிட்டு, "எதைத் திரும்ப வாங்கச் சொல்லுற"ன்னு கேட்டாரு.

"அன்னைக்குச் சொன்ன ஆமெனை"ன்னேன்.

"ஏ வியாகுலம், செத்த பிள்ளை பேரைச் சொல்லி ஊர் கூடி நின்னு சொன்ன ஆமெனையா?"

"அது ஜெபமில்ல பெரியப்பா. தாளு. அவுக தாளு."

"வாசிச்சவன் என்னமும் வாசிச்சிருக்கட்டும். நாங்க உன் பிள்ளைக்குத்தான சொன்னோம். நாளைக்கு அந்தப் பிள்ளை ஆத்துமத்துக்கு நாங்க சொல்லுற ஆமென் செல்லுமா செல்லாதா? பாத்துச் சொல்லு"ன்னாரு.

பொம்பளைக எல்லாம் சிலுவை போட்டுக்கிட்டு நகந்துட்டாக. லூர்து கூடச் செத்துப்போனவளோட தாய் என்கிட்ட வந்து, "விடுக்கா, எம்பிள்ளை அடக்கத்துல சொன்னதும் அதே ஆமென்தான"ன்னு அழுதா. அதுக்கு மேல நான் கேக்கல. நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன். ஒத்தக் கையெழுத்து. அது உன் ஆபீசுல எங்க கிடக்குமோ அங்கன கிடக்கட்டும்.

உன் மேல எனக்குக் கோவமில்லைன்னு எழுதணும்னு உக்காந்தேன். எழுத வரல. நீ நவம்பர்லயே தெரியும்னு எழுதியிருக்க. தெரிஞ்சுக்கிட்டே, ஊரைக் கூட்டிக்கிட்டு வா, ஆள் குறையக்கூடாதுன்னு எனக்கு எழுதியிருக்க. நான் வீடு வீடாப் போனேன். வராதவுக வீட்டுல ரெண்டாந்தரமும் போனேன்.

அந்தப் போட்டோவை எனக்கு அனுப்ப வேணாம்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறாக. கட்டடம் முடியுற வரைக்கும் புளியந்தோப்புல வச்சு ஆறாவது நடக்குமாம். நம்ம ஊர்லருந்து யாரும் போறதா இல்ல. உன் மச்சான் நேத்து ராக்கையாவைக் கூப்பிட்டு விட்டாக. அவன் வாசல்ல நின்னுக்கிட்டு, "சேச்சி, நான் ஆரன் அடிக்க மாட்டேன், மெதுவா வந்து நிப்பேன்"னான். அவனுக்கு இருக்கு அந்த ஈரம். வீட்டுல சம்பாதிக்க வேற ஆள் இல்ல, நான் போறேன்னு சொன்னா, மலையேறுனா எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதுன்னு யாரும் ஏத்த மாட்டேங்காக. ஏலக்காட்டுல இப்பக் களை எடுப்பு. சின்னக் கை இருந்தா நல்லதாம். ஜெசி அவ புத்தகத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துட்டு வந்துட்டா. நான் குடுக்கச் சொல்லல.

சாமி உன்னையும் உன் வீட்டையும் காப்பாத்தட்டும். ரூபன் நல்லாப் படிக்கட்டும்.

ஒண்ணு கேட்டு முடிக்கிறேன். இது உனக்குக் கிடைக்குமுன்ன அவ மலையேறி எறங்கியிருப்பா, இருந்தாலும் கேக்குறேன். நீ படிச்சவன், ஊர் ஊருக்கு எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுற ஆபீசுல இருக்க. லூர்து பின்னால கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டுப் போனா. ஜெசியை நான் எங்கன உக்கார வைக்க? டிரைவர் பக்கத்துலயா, நடுவுல பொம்பளைக மடியிலயா, இல்ல உருண்டா வெளிய குதிக்கத் தோதா ஓரத்துலயா?